பிளஸ் 2 தேர்வும் நீட் விண்ணப்பமும்: ஜனவரியில் முடிக்க வேண்டிய வேலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு நாள்காட்டியைப் பாருங்கள். பிப்ரவரி 7இல் பிளஸ் 2 செய்முறைத் தேர்வு தொடங்கியது. நீட் தேர்வுக்கான இணையப் பதிவும் அன்றுதான் தொடங்கியது. பதிவுக்குக் கடைசி நாள் மார்ச் 7. பொதுத்தேர்வோ மார்ச் 3இலேயே தொடங்கிவிட்டது. மார்ச் 25இல் பொதுத்தேர்வு முடிந்தது. மே 4இல் நீட். இடையில் இருந்தது 40 நாள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின் நகரலாம். செய்முறைத் தேர்வு, விண்ணப்பம், பொதுத்தேர்வு மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழுவது மட்டும் மாறுவதில்லை.

நீட் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இக்கடிதம் போகவில்லை. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றி அனுப்பிய விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே, அடுத்து எழுதப்போகும் பிள்ளைக்கு இப்போது என்ன செய்ய முடியும் என்பதே மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் நடத்தும் எங்களைப் போன்றவர்களின் கேள்வி. பாடம் புரியாமல் பின்தங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் பாடம் தெரிந்தும், பிப்ரவரியையும் மார்ச்சையும் காகித வேலையிலும் குழப்பத்திலும் இழந்து பின்தங்குபவர்களும் ஏராளம். இவர்களின் சிக்கலைத் தீர்க்கப் பணம் தேவையில்லை. வேலையைச் சற்று முன்னதாகத் தொடங்கினால் போதும்.

முதலில் விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்தால் வரும் தொல்லை தனி. சான்றிதழில் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து ஆதாரில் பின்னால் இருக்கும். சிலருக்கு ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் எப்போதோ காலாவதியான சிம்மாக இருந்தால் ஓடிபி வராது. எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை, ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். பிறந்த தேதியையோ பெயரையோ திருத்துவது அப்படியல்ல. ஆவணம் கேட்பார்கள், நாளும் ஆகும். டிசம்பர் விடுமுறையில் ஆதாரையும் மதிப்பெண் சான்றிதழையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டால் பிப்ரவரியில் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது மின்னஞ்சல். அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார். ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல், பின்னர் கலந்தாய்வு வரை எல்லாச் செய்திகளும் அங்கேதான் போகும். கடவுச்சொல் மறந்தால் அதை மீட்கும் வழியும் அவர் கையில்தான். மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒரு எண், இரண்டும் வேண்டும். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

கட்டணம் 2025இல் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசி மற்றும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 1,600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 1,000. பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், ஆனால் உறுதிப்படுத்தும் பக்கம் உருவாகியிருக்காது. அந்தப் பக்கத்தைப் பதிவிறக்கம் செய்யும்வரை விண்ணப்பம் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டினால், பணம் திரும்பி வந்தாலும் மறுபடி கட்ட அவகாசம் இருக்கும்.

தமிழ்வழி மாணவர்கள் வினாத்தாள் மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் கிடைக்கும். ஆங்கிலத்தைத் தேர்ந்தால் ஆங்கிலம் மட்டும்தான். ஒசூர்ப் பக்கத்து மாணவர் வசதி கருதிப் பெங்களூருவை மையமாக வைத்தால் தமிழ்த் தாள் கிடைக்காது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ்த் தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு 196 கருணை மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே நீதிமன்றத்தை நம்பிப் படிக்க முடியாது. கலைச்சொல் ஒவ்வொன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிந்து வைத்திருப்பதும், தமிழ் வாக்கியம் இடறும்போது பக்கத்து ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கும் பழக்கமும்தான் பாதுகாப்பு. பாட நோட்டின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதவைப்பது பிளஸ் 1 முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டிய வேலை.

சான்றிதழ்களில் பெரிய குழப்பம் ஓபிசி. மாநில அரசு தரும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ், மாநில ஒதுக்கீடான 85 சதவீத இடங்களுக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்தில் ஓபிசி சலுகை பெற, மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதவர்', அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல், தகுதி உள்ளவர்களே தமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். சில அலுவலகங்களிலும் இதே தவறான பதில்தான் கிடைக்கிறது.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. ஊர் மாறி, பள்ளி மாறிப் படித்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்குவதுதான் தலைவலி. தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், பதிவேடு வேறு கட்டடத்தில் இருக்கும், ஜூனில் மாணவர் சேர்க்கைக் கூட்டம் நெரியும். ஜனவரியில் கேட்டால் இதே சான்று ஒரே நாளில் கிடைக்கும்.

இனி பாடம். செய்முறைத் தேர்வை நீட் படிப்புக்கு இடைஞ்சலாகப் பார்க்கும் மனநிலை பெற்றோரிடம் மட்டுமல்ல, சில பள்ளிகளிடமும் இருக்கிறது. "20 மார்க்தானே, எப்படியும் போட்டுவிடுவார்கள்" என்று ஆய்வகத்துக்கே அனுப்பாமல், முடிந்த அளவீடுகளை நோட்டில் எழுதவைத்துவிடுகிறார்கள். 2024 முதல் நடைமுறைக்கு வந்த நீட் பாடத்திட்டத்தில் இயற்பியலில் செய்முறைத் திறன், வேதியியலில் செய்முறை வேதியியலின் அடிப்படைகள் என்று தனி அலகுகளே சேர்ந்துவிட்டன. மீட்டர் சமனச் சுற்று, முப்பட்டகத்தின் விலகுகோணம், பி–என் சந்தி டயோடு, செனார் டயோடு எல்லாம் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஆய்வகத்தில் செலவாகும் நேரம் இரண்டு தேர்வுக்குமே வரவு.

எப்படி என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறோம். மீட்டர் சமனச் சுற்றில் கம்பிச் சுருளின் தன்மின்தடை எண் காண்கிறோம். சமன்செய் நீளம் கம்பியின் நடுப்பகுதியில் விழும்படி மின்தடையைத் தேர்வது ஏன்? அங்கேதான் சுற்றின் உணர்திறன் அதிகம். இரண்டு மின்தடைகளையும் இடம் மாற்றி மறுபடி அளப்பது ஏன்? முனை மின்தடையால் வரும் பிழை விலக. கம்பியின் ஆரத்தைத் திருகு அளவியால் அளக்கும்போது சுழிப் பிழையைக் கழிக்க மறந்தாலோ, ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே சூத்திரத்தில் போட்டாலோ என்ன ஆகும்? ஆரம் வாய்பாட்டில் இருமடியாக வருவதால் ஆரத்தில் 1 சதவீதப் பிழை விடையில் 2 சதவீதமாகும். விட்டத்தைப் போட்டால் விடை 4 மடங்காகிவிடும். நீட் இப்படித்தான் கேட்கும். கருவியைத் தொட்டவருக்கு இது அரை நிமிட வினா.

வேதியியலில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலும் அப்படியே. ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குகிறோம், குளிர்ந்த நிலையில் வினை மெதுவாக நடப்பதால். பெர்ரஸ் உப்பைச் சூடாக்குவதில்லை, காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும் என்பதால். அமிலம் நீர்த்த கந்தக அமிலமாகத்தான் இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும், நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. நிறங்காட்டி தனியாக வேண்டாம், நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பே முடிவுநிலை. பியூரெட்டைக் கையில் பிடித்த பிள்ளை இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மாநிலப் பாடநூலும் நீட் பாடத்திட்டமும் எங்கே பிரிகின்றன என்பதை மாணவருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 12ஆம் வகுப்பு வேதியியலில் உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை பொதுத்தேர்வுக்கு வேண்டும், நீட்டுக்கு வேண்டாம். இயற்பியலில் டிரான்சிஸ்டர், தகவல் தொடர்பு, இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகள். தாவரவியலில் பொருளாதாரப் பயனுள்ள தாவரங்கள், இவையும் அந்த வகைதான். இவற்றை மார்ச்சில் பொதுத்தேர்வுக்காக நன்றாகப் படித்துவிட்டு ஏப்ரலில் மூடி வைக்கலாம். பழைய கைடுகளையும் பழைய வினாத்தொகுப்புகளையும் வைத்துக்கொண்டு ஏப்ரலிலும் திட நிலைமைக் கணக்கு போடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: பொதுத்தேர்வு நடக்கும் மூன்று வாரத்தில் நீட் மாதிரித் தேர்வு வேண்டாம். பொதுத்தேர்வு கேட்பது வேறு திறமை. இயற்பியல், வேதியியலில் 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள்; மீதி 55 எழுதிக் காட்ட வேண்டியவை. இரண்டு மதிப்பெண்ணில் 6, மூன்று மதிப்பெண்ணில் 6, ஐந்து மதிப்பெண்ணில் 5. படம், சூத்திரம், படிகள், அலகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. விடையைக் குறித்துப் பழகிய கை, படிகளைத் தாண்டி விடைக்குப் போய்விடும். விடை சரியாக இருந்தும் 5க்கு 2 வாங்கும் 'நீட் மாணவர்கள்' திருத்தும் மையங்களுக்குப் புதியவர்கள் அல்ல.

"மருத்துவத்துக்கு நீட் மார்க்தானே, பிளஸ் 2 மார்க் எதற்கு" என்பது அரைகுறைப் பேச்சு. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் தேர்ச்சி வேண்டும். மூன்று அறிவியல் பாடத்திலும் சேர்த்து 300க்குப் பொதுப் பிரிவினர் 150, இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 120 எடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களுக்குத் தரவரிசை பிளஸ் 2 மதிப்பெண்ணால்தான்: உயிரியல் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு, ஆக 200. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்கும் பிளஸ் 2 மதிப்பெண்ணே வழி. நீட்டில் சறுக்கிய பிள்ளைக்குக் கையில் இருக்கும் சீட்டு மார்ச் மாதத்தில் எழுதியதுதான். இந்தப் படிப்புகளுக்கான விண்ணப்பத் தேதிகள் எம்பிபிஎஸ் விண்ணப்பத்திலிருந்து வேறுபடும். நீட் முடிவுக்காகக் காத்திருந்து அவற்றைத் தவறவிட வேண்டாம்.

அந்த 40 நாளில் முதல் மூன்று வாரம் பிளஸ் 1 பாடத்துக்கே போக வேண்டும். பிளஸ் 2 பாடம் பொதுத்தேர்வால் மனத்தில் புதிதாக இருக்கும். பிளஸ் 1 ஓர் ஆண்டு தூசி படிந்து கிடக்கும். இயக்கவியல், வெப்ப இயக்கவியல், மோல் கணக்கு, கரிம வேதியியல் அடிப்படை, விலங்குலகம், ஒளிச்சேர்க்கை, மனித உடலியல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மாதிரித் தேர்வு. மதியம் 2 முதல் 5 வரை எழுத வேண்டும், உண்மைத் தேர்வு அந்த நேரத்தில் என்பதால். சாப்பிட்டவுடன் கண் சொக்கும் அந்த நேரத்துக்கு உடலைப் பழக்காமல், காலை 6 மணிக்கு மாதிரித் தேர்வு எழுதி மதிப்பெண் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. மாதிரித் தேர்வு இல்லாத நாளில் முந்தைய நாள் தவறுகளைப் பிரித்துப் பார்க்கட்டும்: தெரியாதது எது, தெரிந்தும் வினாவைத் தவறாகப் படித்தது எது, கணக்கில் பிசகியது எது. 'தவறான கூற்று எது' என்ற வினாவுக்குச் சரியான கூற்றைக் குறித்துவிட்டு வருவது இரண்டாம் வகை. அதற்கு மருந்து இன்னொரு முறை பாடத்தைப் படிப்பது அல்ல, அந்தச் சொல்லின் கீழ் பேனாவால் கோடு போடுவது.

பொதுத்தேர்வில் மடக்கை அட்டவணை அனுமதி உண்டு, நீட்டில் கிடையாது. மடக்கை 2க்கு 0.301, 3க்கு 0.477 என்ற இரண்டை வைத்தே பெரும்பாலான பிஎச் கணக்குகளைப் போட்டுவிடலாம். ஏப்ரல் முழுவதும் அட்டவணையை வீட்டில் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

2025 முதல் விருப்ப வினாக்கள் நீக்கப்பட்டு, 180 நிமிடத்தில் 180 வினா என்றாகிவிட்டது. முன்பு 200 நிமிடம் இருந்தது. உயிரியல் 90 வினாவை 50 நிமிடத்தில், வேதியியலை 55இல், இயற்பியலை 65இல் முடித்தால் 10 நிமிடம் மிஞ்சும். 2025 இயற்பியல் பகுதி எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு முதலிடமே 720க்கு 686தான். இயற்பியலில் தொடங்கி முதல் பத்து வினாவில் மனம் உடைந்தவர்களுக்கு, தெரிந்த உயிரியலும் கைநழுவியது. ஓஎம்ஆர் தாளில் கடைசியில் மொத்தமாகக் குறிப்பது ஆபத்து. ஒவ்வொரு வினாவுக்கும் உடனுக்குடன் குறிப்பதும் நேரத்தைத் தின்னும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்க விடைகளைக் குறிப்பது நடுவழி. பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது. வினாத்தாள் குறியீடும் ஓஎம்ஆர் குறியீடும் ஒன்றுதானா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

தெரியாத வினாவை விடுவதா, குறிப்பதா? சரியானால் 4, தவறானால் 1 குறையும். கண்ணை மூடிக்கொண்டு பத்து வினா குறித்தால் சராசரியாக இரண்டரை மதிப்பெண்தான் கிடைக்கும், ஏறக்குறைய ஒன்றுமில்லை. 10 மதிப்பெண் போகவும் கூடும். நான்கில் இரண்டு விடையை உறுதியாக ஒதுக்க முடிந்தால் ஒரு வினாவுக்குச் சராசரி ஒன்றரை மதிப்பெண் வரும். அப்போது குறிக்கலாம். 'ஒதுக்க முடியாவிட்டால் விடு' என்ற ஒரே விதி போதும்.

தேர்வு நாளில் 1.30க்கு வாயில் மூடப்படும். அரைக்கைச் சட்டையும் செருப்பும் போதும், உலோகம் எதுவும் வேண்டாம். பேனா அங்கேயே தருவார்கள். அஞ்சலட்டை அளவுப் புகைப்படத்தை ஹால் டிக்கெட்டோடு வரும் படிவத்தில் வீட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். கடைசி நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ தேடி ஓடும் பெற்றோரை எல்லா மையங்களிலும் பார்க்கலாம். 2025இல் நீட் முடிந்த நான்காம் நாளே பிளஸ் 2 முடிவு வந்தது. அந்த நாட்களில் பிள்ளையின் முகம் மாறினால், மனநல ஆலோசனைக்கான 104 அல்லது 14416 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். பெற்றோரே அழைத்துப் பேசலாம்.

பள்ளிக் கல்வித் துறைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஒருநாள் முகாம்: ஆதார் திருத்தக் கருவி, இ-சேவை ஊழியர், புகைப்படக்காரர், பள்ளிக் கணினி ஆய்வகம். படிப்புச் சான்றும் அன்றே கையெழுத்தாகட்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் பதிவு தொடங்கியதும் பள்ளியிலேயே ஆசிரியர் முன்னிலையில் விண்ணப்பித்துவிட்டால், மாணவர் நேராக ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவார்.

மற்றொன்று, 2017-18இல் வந்து 2025-26 முதல் கைவிடப்பட்ட பிளஸ் 1 பொதுத்தேர்வு பற்றி. அதை நீக்கியது மாணவரின் சுமையைக் குறைத்திருக்கிறது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வருவதற்கு முன் பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தின. அந்தப் பழக்கம் திரும்பினால் நீட் பாடத்தில் ஏறக்குறைய பாதியை மாணவர் வகுப்பறையில் பார்க்கவே மாட்டார். அதைக் காசு கொடுத்து வெளியே வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும். பிளஸ் 1 ஆண்டுத் தேர்வுக்கு மாவட்ட அளவில் பொது வினாத்தாள், அதில் எல்லா அலகிலிருந்தும் வினாக்கள், பாடம் எந்த அலகுவரை நடந்திருக்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை வகுப்பறைக்கே வந்து மாணவர் நோட்டைப் பார்க்கும் ஆய்வு: இவ்வளவு செய்தால் போதும். அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்கும்போதே இதற்கான சுற்றறிக்கை பள்ளிகளுக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலை அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி மாவட்டம்.